பயிரில் விழுந்த மாடும் பவுண்டும்

பயிர் முற்றி நிற்கும் காலத்தில் கிராமங்களில் உண்டாகும் மனஸ்தாபங்களில் பல, கட்டவிழ்ந்த ஒரு மாட்டினால் விளைபவை. மேய்ந்த நஷ்டம் சில மரக்கால் தானியமாயிருக்கும். அதைத் தொடர்ந்த அடிதடியிலும் வழக்கிலும் செலவாவது அதைப்போற் பன்மடங்கு. ஆகவே நிலமுடையார், மாடுடையார் இருவருமே இதைப் பற்றிய சட்டத்தை அறிந்திருத்தல் நலம்.

இதற்கென இயற்றப்பட்டது 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம். ஆடு, மாடு, எருமை, குதிரை, கழுதை, பன்றி இவற்றோடு யானையும் ஒட்டகமும் அதில் அடங்கும். கோழியைப் பற்றி அதில் பேச்சில்லை. அந்தச் சண்டையை அண்டை வீட்டார் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தம் நிலத்தில் புகுந்து சேதம் விளைவிக்கும் கால்நடையைப் பயிரிடுபவர் பிடிக்கலாம் என்று 10-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் அக்கிராமத்துக்கு ஏற்பட்ட பவுண்டுக்கு, அதாவது கொண்டித் தொழுவுக்கு, அனுப்பிவிட வேண்டும். நான் அலுவல் பார்த்த ஓர் ஊரில், நிலக்கடலைக் காட்டில் விழுந்த உழவு மாட்டை நிலக்காரர் தம் தொழுவத்திலேயே மூன்று நாள் கட்டிவைத்து, பணம் கொண்டுவந்தால் அவிழ்த்துவிடுவதாகச் சொல்லியனுப்பினார். நஷ்டம் உண்மையே. எனினும் மாட்டுக்காரர் பிராது செய்துகொண்டபோது ஈடு கொடுக்க நேர்ந்தவர் நிலக்காரரே!

தண்ணீரின்றி வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாட்டைப் பிடித்திருந்தால் மிக்க ஜாக்கிரதை வேண்டும். அப்பயிரில் கொடிய விஷமுண்டு. மாடு சிறிது நேரத்திலேயே விழுந்து இறக்கவும் கூடும். மூச்சு வாங்குதல், நடுக்கம் முதலிய குறிகள் கண்டால், மாடு யாருடையதாயினும், உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். அடித்துக் கொன்றதாகப் பழி வந்தபின் சோளத்தைக் குற்றஞ் சொல்லிப் பயனில்லை.

பவுண்டில் மாட்டின் அடையாளம், ஒப்புவித்த நாள், மணி, பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, அதன் நகலைக் கொண்டுவந்தவரிடம் கொடுக்க வேண்டும். இந்த அடையாளம் எழுதும் இடத்திலேதான் பெரும்பிழை நேர்கிறது. "செவலை மாடு ஒன்று" என்று எழுதினால் அது எந்தச் செவலை? காளையா, எருதா, பசுவா. கொம்பு விரிந்ததா, கூடியதா. எத்தனை பல் போட்டது. சுழி எங்கே, சூட்டுக்குறி எந்தத் தொடையில், காது கிழிந்ததா என்பனவெல்லாம் எழுதப்பட வேண்டும். ஏழு நாளைக்குள் உடையவர் வராவிடில் பவுண்டுக்காரர் போலீஸ் நிலையத்துக்கு அறிவிக்கிறார். அங்கே விளம்பரம் ஒட்டி, ஊரிலும் அருகிலுள்ள சந்தையிலும் தமுக்கடித்து, மேலும் ஏழு நாள் பார்த்து, பிறகு ஏலம் போடுவது சட்டத்தில் கண்ட முறை. மாட்டைத் தேடி ஊரூராய் அலையும் ஏழைக் குடியானவர், அடையாளம் சரியாகச் சொல்லப்படாத தமுக்கைக் கேட்டும் தம்முடையதென்று அறியாமற் போகலாம். ஏர் மாடு ஒன்று போனால் அவருக்கு அந்தப் போக உழவே போயிற்று. ஏலத்தொகையில் அபராதமும் தீனிச் செலவும் போக மிஞ்சுவதை மூன்று மாதத்துக்குள் பாத்தியதை ருசுப்படுத்திப் பெறலாம். மாடு திரும்பி வராது. ஏலத்தில் பவுண்டுக்காரர் தாமே மாட்டை வாங்குவதும் கூடாது.

மாட்டை அநியாயமாகப் பிடித்ததாக எண்ணுபவர் அதைப் பலாத்காரமாக மீட்கப் புகுதல் பெருந்தவறு; அதற்குச் சிறைத்தண்டனையும் விதிக்க இடமுண்டு. அபராதத்தையும் செலவையும் பவுண்டில் டிபாசிட் கட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போய், பிடித்த நாளிலிருந்து 10 நாளைக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் பிராது செய்யலாம். பத்தாம் நாள் கடந்தபின் அந்த வழி அடைபட்டுவிடும்.

பவுண்டில் கட்டும் அபராதம் தமக்கு வருமென்று நிலக்காரரிற் சிலர் எண்ணுகின்றனர். அது சர்க்காரைச் சேர்வது. பயிர் நஷ்டத்துக்குத் தனியே வழக்காட 29-ஆம் பிரிவு இடந்தருகிறது. அதற்குச் சாட்சியம் வேண்டும். மேய்ந்த பயிரோ சில தினங்களில் துளிர்த்துவிடும். ஆதலால் அன்றைக்கே கிராம அதிகாரியையும் பக்கத்து நிலக்காரர் இருவரையும் அழைத்துக் காட்டி, மேய்ந்த இடத்தை அளந்து எழுதி, அவர்கள் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்க.