ஆற்றங்கரை ஊரும் கடற்கரை ஊரும்

ஹௌராவிலிருந்து தொடர்வண்டியில் வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் ஸ்ரீராம்பூர் என்னும் ஊரை அடையலாம். ஆங்கிலேயர் இதனைச் செராம்பூர் என்றனர். எதிர்க்கரையில் பாரக்பூர் உள்ளது. முன்பு சிற்றூர்களாக இருந்த இடமே இன்று மக்கள் நெருக்கம் மிக்க நகரமாக வளர்ந்துள்ளது. வங்கத்து ஊராயினும் இதற்குத் தமிழ்நாட்டோடு ஓர் உறவு உண்டு.

டென்மார்க் நாட்டு வணிகர்கள் 1620இல் தஞ்சை நாயக்க மன்னரின் இசைவுடன் தரங்கம்பாடியில் கோட்டை அமைத்தனர். பின்னர் 1755இல் வங்க நவாப் அலிவர்திகானின் ஆணை பெற்று ஹூக்ளிக் கரையில் குடியேறினர். தம் அரசர் ஐந்தாம் பிரெடரிக்கின் பெயரால் அவ்விடத்தைப் பிரெடரிக்நகர் என அழைத்தனர். இவ்வாறு தமிழகத்தின் கடற்கரை ஊரும் வங்கத்தின் ஆற்றங்கரை ஊரும் ஒரே கொடியின்கீழ் இருந்தன.

இரண்டு ஊர்களுக்கும் அச்சுக்கலை பெருமை சேர்த்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தமிழில் அச்சாகி முடிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் சமயப் பணியாளர்களை விரும்பாமையால், கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் டேனியரின் ஸ்ரீராம்பூரில் தங்கி, 1800இல் அச்சகம் தொடங்கினர். வங்கக் கைவினைஞர் பஞ்சானன் கர்மாகர் அங்கு எழுத்துகளை வார்த்தளித்தார்.

1812 மார்ச்சு 11 அன்று அச்சகம் தீப்பற்றியது. தாளும் கையெழுத்துப்படிகளும் எரிந்தன; ஈய எழுத்துகள் உருகி ஓடின. ஆயினும் எழுத்து வார்க்கும் அச்சுகள் சாம்பலிடையே கிடைத்தன. உருகிய ஈயத்தையே கொண்டு எழுத்துகளை மீண்டும் வார்த்தனர். சில மாதங்களில் பணி தொடர்ந்தது. 1818இல் 'சமாச்சார் தர்ப்பண்' என்னும் வங்க வார இதழ் அங்கிருந்து வெளிவந்தது. அதே ஆண்டில் ஸ்ரீராம்பூர்க் கல்லூரியும் தோன்றியது.

1845இல் டேனியர் இவ்விரண்டு ஊர்களையும் ஆங்கிலேயருக்கு விற்றனர். ஸ்ரீராம்பூரில் 1806இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் தேவாலயம் நாளடைவில் சிதைந்தது. வல்லுநர்களும் உள்ளூர்க் கொத்தர்களும் அதனைப் பழைய வடிவிலேயே சீரமைத்தனர். அப்பணிக்கு 2016இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

உருகிய எழுத்தை மீண்டும் வார்த்தவர்களும் சிதைந்த சுவரைச் சீரமைத்தவர்களும் செய்தது ஒரே பணியே. முன்னோர் விட்டுச் சென்றதை அவர்கள் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தனர். பிறந்த ஊரை விட்டு வந்தோர் தம் தாய்மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும் அத்தகைய பணியே ஆகும்.

சொற்பொருள்
இசைவு – சம்மதம்
கைவினைஞர் – கைத்தொழில் வல்லவர்
கொத்தர் – கட்டட வேலை செய்பவர்

விடையளிக்க
1. ஸ்ரீராம்பூருக்கும் தரங்கம்பாடிக்கும் உள்ள ஒற்றுமைகள் யாவை?
2. கேரியும் நண்பர்களும் ஸ்ரீராம்பூரில் தங்கியது ஏன்?
3. தீ விபத்திற்குப் பின் அச்சகப் பணி எவ்வாறு தொடர்ந்தது?

பிரித்து எழுதுக
ஆற்றங்கரை, கையெழுத்து, அவ்விடம்

செயல்பாடு
உன் குடும்பத்தின் சொந்த ஊரில் உள்ள ஆறு அல்லது குளம் பற்றி வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்கள் எழுதுக.