உப்புத்தாள் வேண்டாம்!

கேள்வி: பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் அவற்றைப் புதிதுபோலப் பளபளப்பாக்காதது ஏன்?

பதில்: பளபளப்பு வந்தால் மதிப்பு போய்விடும்! ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் ரைஃபிளையே பாருங்கள். 1891-ல் ராணுவத்துக்கு வந்தது. பனிப்போர் முடிந்தபின் கிடங்குச் சரக்காக அமெரிக்கச் சந்தையில் மலிவாகக் குவிந்தது. துருப்பிடிக்காமலிருக்க அப்பிய காஸ்மோலின் பசையைக் கரைப்பானால் துடைப்பதே முதல் வேலை. மரக்கட்டைக்குள் ஊறியது லேசில் விடாது. சூடு பட்டால் மறுபடி கசியும்.

அதோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். உப்புத்தாள் போட்டால் கட்டையிலுள்ள ஆலை முத்திரைகள் அழிந்துவிடும்.

பின்லாந்து ராணுவம் வைத்திருந்த மோசின்-நாகன்ட் ரைஃபிள்களில் 'எஸ்ஏ' முத்திரை உண்டு; அந்த இரண்டெழுத்துக்கே கூடுதல் பணம் கொடுக்கிறார்கள்.

பழைய தோட்டாவால் சுட்டால் இன்னொரு வேலை: அது விட்டுச்செல்லும் உப்பு குழலை அரிக்கும். சுட்ட கையோடு வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுகிறார்கள்.