அண்ணாச்சியின் பாஸ்புக்

வங்கியில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் ஆறு ஆண்டுகள் தாராவியை அடுத்த ஒரு கிளையில். பத்தாம் வகுப்புக்கு மேல் வணிகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்காகப் பணம் எப்படிப் பிறக்கிறது என்று எழுதித் தரும்படி இதழ்க் குழுவினர் கேட்டார்கள். பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அதே புத்தகத்தை நம்பி நான் ஒருவருக்குத் தவறாகப் பதில் சொன்ன கதை ஒன்று உண்டு. முதலில் அது.

1991-ல் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர் ஒருவருக்கு 50,000 ரூபாய் கடன் கொடுத்தேன். அப்போது என் மேசைக்கு எதிரே திருநெல்வேலிப் பக்கத்து மளிகைக் கடை அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். எங்கள் கிளையில் நல்ல தொகை வைப்பு வைத்திருந்தவர்.

"தம்பி, எம் பணத்தத்தானே எடுத்து அவருக்குக் குடுத்திய?"

"ஆமாம் அண்ணாச்சி. உங்களைப் போன்றவர்கள் போடுவதைத்தான் நாங்கள் கடனாகக் கொடுக்கிறோம்."

"அப்பம் எம் பாஸ்புக்குல ஒரு பைசாகூடக் குறையலியே, அது எப்படி?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை. அவர் நம்பாதது சரி.

அன்று நான் உண்மையில் என்ன செய்தேன்? இரண்டு வவுச்சர் எழுதினேன். ஒன்றில் பட்டறைக்காரரின் கடன் கணக்கில் 50,000 பற்று. மற்றதில் அவருடைய நடப்புக் கணக்கில் 50,000 வரவு. பெட்டகத்தை யாரும் திறக்கவில்லை. அண்ணாச்சியின் கணக்கை யாரும் தொடவில்லை. காலையில் நாட்டில் இல்லாத 50,000 ரூபாய் மாலையில் ஒரு பேரேட்டில் இருந்தது. அதற்குக் காசோலை எழுதித் தோல் வாங்கலாம், கூலி கொடுக்கலாம். அதனால் அதுவும் பணம்தான்.

அண்ணாச்சி கொடுக்கும் கைமாற்று இப்படியல்ல. அவர் கல்லாவிலிருந்து ஆயிரம் எடுத்துக் கொடுத்தால் கல்லாவில் ஆயிரம் குறையும். வங்கி மட்டும் கடன் கொடுக்கும்போது வைப்பையும் சேர்த்தே உண்டாக்குகிறது. கடன் திரும்பி வரும்போது அந்த வைப்பு அழிந்துபோகிறது. ரிசர்வ் வங்கி அச்சிடும் நோட்டு மட்டுமே பணம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2024 மார்ச் இறுதியில் நம் நாட்டின் மொத்தப் பண அளவில் மக்கள் கையில் இருந்த ரொக்கம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். மீதி பெரும்பாலும் வங்கிக் கணக்குகளில் உள்ள எழுத்து.

அப்படியானால் வைப்பு எதற்கு, வங்கி விரும்பியபடி எழுதிக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பட்டறைக்காரர் தோல் வியாபாரிக்குக் காசோலை கொடுத்தார். வியாபாரியின் கணக்கு வேறு வங்கியில். காசோலை கிளியரிங்குக்குப் போனதும் எங்கள் வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து அந்த வங்கிக்குத் தொகை போயிற்று. அந்த இருப்பு வற்றாமல் இருக்கத்தான் வைப்பைத் தேடி ஓடினோம். இதற்கு மேல் சட்ட வரம்புகள். 1991-ல் வைப்பில் 15 சதவீதம் ரொக்க இருப்பாகவும், 38.5 சதவீதம் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களாகவும் வைக்க வேண்டியிருந்தது. ரொக்க இருப்பு விகிதம் 2025 இறுதிக்குள் 3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மூலதன விகிதம் 1992-ல் வந்தது. முதலில் 8 சதவீதம், 2000 மார்ச் முதல் 9.

100 ரூபாய் வைப்பில் 15-ஐ ஒதுக்கி 85 கடன், அது வைப்பாகத் திரும்பி வந்ததும் 72.25 கடன் என்று புத்தகம் அடுக்கிக்கொண்டே போகும். தேர்வுக்கு அதை எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் வைப்பு முன்னே, கடன் பின்னே என்ற அந்த வரிசை நடைமுறையில் தலைகீழ் என்று 2014-ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தே தன் காலாண்டு இதழில் எழுதியது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் அவை 86 சதவீதம். வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வங்கிகளில் வைப்பு குவிந்தது. புத்தகப்படி கடன் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை, அந்த நிதியாண்டில் கடன் வளர்ச்சி வெகுவாகச் சரிந்தது. கடன் பிறக்க, வாங்கத் துணிகிற ஒருவரும், அவர் திருப்பிக் கட்டுவார் என்று நம்புகிற ஒரு மேலாளரும் வேண்டும்.

அந்த நம்பிக்கை பொய்த்தால் என்ன ஆகும்? 2019-ல் மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கியில் பணம் எடுக்க வரம்பு விதித்தார்கள். எங்கள் சொசைட்டியில் இருக்கும் ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்கு வைத்த தொகை முழுவதும் அங்கே இருந்தது. "பணம் எங்கே போச்சு அண்ணா, பாஸ்புக்குல அப்படியே இருக்கே?" என்று அழுதார். அண்ணாச்சி கேட்ட அதே கேள்வி! வைப்பு என்பது வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். அதற்கு ஈடாக அதனிடம் உள்ளவற்றில் பெரும்பகுதி, பிறர் அதற்குத் தர வேண்டிய கடன். அவர்கள் கட்டாவிட்டால் நஷ்டம் முதலில் மூலதனத்தைத் தின்னும். அது தீர்ந்ததும் நம் பாஸ்புக்கில் எண் மட்டும் நிற்கும்.

அப்போது வைப்புக் காப்பீடு 1 லட்சம் ரூபாய்தான், 1993-ல் வைத்த வரம்பு. 2020 பிப்ரவரியில் 5 லட்சமாக்கினார்கள். 2021-ல் வந்த திருத்தப்படி, இப்படி முடக்கினால் காப்பீட்டுத் தொகையை 90 நாளில் தர வேண்டும். ஒரே வங்கியின் பல கிளைகளில் உங்கள் பெயரில் இருப்பதையெல்லாம் கூட்டித்தான் இந்த 5 லட்சம். மாதுங்காவில் ஒன்று, செம்பூரில் ஒன்று என்று வைத்தால் இரட்டிப்பாகாது. வேறு வேறு வங்கியாக இருந்தால் தனித்தனிக் கணக்கு.

அண்ணாச்சி இப்போது ஊரோடு போய்விட்டார். திருநெல்வேலிக்குப் போயிருந்தபோது தேடிச் சென்று, அந்த 50,000 உங்கள் பணமில்லை அண்ணாச்சி என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? முப்பது வருசம் களிச்சு வந்து சொல்லுதிய" என்றார்.