கைக்குழந்தை கண்ணால் செய்யும் காரியம்

பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். கையை நீட்டி ஒரு பொருளைப் பற்றுவதற்கு அதற்கு நாலைந்து மாதம் செல்லும். பேசுவதற்கு ஒரு வருடமாகும். ஆனால் கண்ணின் காரியம் வேறு. கைகால்களை ஆளத் தெரியாத மூன்று மாதப் பிள்ளைகூட யாரைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது பார்வையைத் திருப்புவது என்பவற்றைத் தானே தீர்மானிக்கின்றது.

புதிதாய்ப் பிறந்த சிசுவுக்கு ஏறக்குறைய ஓர் அடி தூரமே ஓரளவு தெளிவாகத் தெரியும். பாலூட்டும் தாயின் முகமும் அந்தத் தூரத்திலேயே இருக்கின்றது. பிறந்து 2 முதல் 5 நாட்களேயான சிசுக்கள், பார்வையை அப்பால் திருப்பிய முகத்தைவிடத் தம்மை நேரே நோக்கும் முகத்தையே கூடிய நேரம் பார்த்ததாக 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இந்தப் பார்வையைக் கொண்டு பிள்ளை பிறரை இயக்குகின்றது. பூசை வேளையில் முன்வாங்கிலிருக்கும் தாயின் தோளில் கிடக்கும் பிள்ளை, பின்னாலிருப்பவரை ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். பிரசங்கத்தில் ஊன்றியிருந்த பெரியவரும் புருவத்தை உயர்த்திச் சிரித்துவிடுவார். (பிரசங்கம் செய்பவருக்கு இது தெரியாமலில்லை.)

அமெரிக்க உளவியலாளர் எட்வேட் ட்ரோனிக்கும் அவருடைய துணைவர்களும் 1978இல் வெளியிட்ட ஆய்வு நம் கவனத்துக்குரியது. தாய் முதலில் வழக்கம்போல் பிள்ளையோடு விளையாடினாள். பின்னர் 3 நிமிடம் பிள்ளையைப் பார்த்தபடியே, பேசாமல், சிரிக்காமல், முகத்தை அசைக்காமல் இருந்தாள். பிள்ளை அவளைப் பார்த்தது, சிரித்தது, மறுமொழி வராதபோது பார்வையை விலக்கி, மீண்டும் திரும்பிப் பார்த்தது. பலமுறை முயன்றும் பயனில்லாமற் போகவே, முகத்தையும் உடலையும் அப்பால் திருப்பிக்கொண்டது. தான் பார்த்தால் தாய் அசைவாள் என்பதை அது முன்னரே கற்றிருந்தபடியாலன்றோ இவ்வளவு கலக்கம்?

ஒரு வயதளவில் பார்வைக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்கின்றது. 1985இல் வெளியான ஆய்வொன்றில், 30 சென்ரிமீற்றர் பள்ளம்போலத் தோன்றும் கண்ணாடித் தளத்தின் ஓரத்துக்கு வந்த பிள்ளைகள் எதிரே நின்ற தாயின் முகத்தை நோக்கினர். மகிழ்ச்சியான முகத்தைக் கண்ட 19 பேரில் 14 பேர் கடந்து சென்றனர். அச்சம் தோன்றிய முகத்தைக் கண்ட 17 பேரில் ஒருவரேனும் கடக்கவில்லை.

விளையாட்டின் நடுவே பிள்ளை முகத்தைத் திருப்பினால் மனம் நோகும் தாய்மாரும், நாடியைப் பிடித்துத் திருப்பிக் கிலுகிலுப்பையை ஆட்டும் மாமிமாரும் நம் வீடுகளில் உளர். "இப்போதைக்குப் போதும்" என்று பிள்ளை சொல்லும் முறை அது. சற்றுப் பொறுத்தால் தானாகவே திரும்பிப் பார்க்கும். அப்படித் திரும்பும் வேளையில் நம் கண் கைத்தொலைபேசியில் இருந்தால் அந்த அழைப்பு வீணாகின்றது.

பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வுற்ற தாயின் முகமும் சிலவேளை அந்த ஆய்வில் கண்ட அசையாத முகம்போல் ஆகிவிடுவதுண்டு. அவளை ஏசவேண்டாம், அது நோய், அதற்கு மருத்துவம் உண்டு. அவளை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை தகப்பனும் அம்மம்மாவும் பிள்ளையைத் தூக்கி, முகம் பார்த்துக் கதைக்கட்டும். மூன்று மாதமாகியும் முகங்களைப் பார்க்காத, அசையும் பொருளைக் கண்ணால் தொடராத பிள்ளையையும் அடுத்த கிளினிக் நாளிலேயே குடும்பநல மாதிடம் காட்டிவிடுங்கள்.