தீவகத்துக்குத் திரும்புகிறீர்களா? விசாவையும் அடையாள அட்டையையும் முதலில் சரிசெய்யுங்கள்

புங்குடுதீவில் அப்பப்பாவின் வீட்டைத் திருத்தி விருந்தினர் விடுதி நடத்த நினைக்கும் பாரிஸ் இளைஞர். ஓய்வுபெற்று நயினாதீவில் குடியிருக்க வரும் கனடா ஆசிரியை. தமிழ்நாட்டு முகாமிலிருந்து நெடுந்தீவுக்குத் திரும்பும் குடும்பம். எல்லோருக்கும் யாழ்ப்பாணத் தீவகம்தான் சொந்த ஊர் என்றாலும் சட்டத்தின் முன் ஒவ்வொருவரும் வெவ்வேறு வகை. தாம் எந்த வகை என்று தெளியாமல் விண்ணப்பம் நிரப்பத் தொடங்குவதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் அலைச்சல். ஒழுங்கு தெரிந்தால் பெரும்பாலான வேலையை விமானம் ஏறுமுன்பே முடிக்கலாம்.

நீங்கள் எந்த வகை?

தேசிய அடையாள அட்டை 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ் இலங்கைப் பிரசைகளுக்கு வழங்கப்படுவது. வெளிநாட்டவர் எத்தனை ஆண்டு வதிவிட விசாவில் இருந்தாலும் அந்த அட்டை கிடைக்காது. அவருக்குக் கடவுச்சீட்டும் அதில் உள்ள விசாவுமே ஆதாரம்.

இன்னொரு நாட்டின் பிரசாவுரிமையைப் பெற்றதும், முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தாலன்றி, உங்கள் இலங்கைப் பிரசாவுரிமை அற்றுப்போகும். அலுமாரியில் பத்திரமாக இருக்கும் பழைய அடையாள அட்டையைக் காட்டி உறுதி முடிப்பதோ வங்கிக் கணக்குத் திறப்பதோ பின்னர் சிக்கலில் மாட்டிவிடும். அதைச் செய்யாதீர்கள்.

முன்னாள் பிரசைகளுக்கு இரண்டு வழி

முதல் வழி இரட்டைப் பிரசாவுரிமை. 1987இல் கொண்டுவரப்பட்ட இந்த ஏற்பாடு 2011இல் நிறுத்தப்பட்டு, 2015இல் மீண்டும் தொடங்கியது. 55 வயதைக் கடந்திருத்தல், கல்வி அல்லது தொழிற்றகைமை, இலங்கையில் அசையாச் சொத்து, வங்கியில் நிலையான வைப்பு என்று தகுதிப் பிரிவுகள் உண்டு. உங்களுக்கு எது எளிதில் நிரூபிக்கக்கூடியதோ அதைத் தேர்ந்தெடுங்கள். பட்டச் சான்றிதழ் கையில் இருக்கும்போது, பங்குபிரிக்காத காணியை ஆதாரமாகக் காட்டப் போய்க் காலத்தை இழக்க வேண்டாம்.

இரண்டாவது வழி விசா. முன்னாள் இலங்கையருக்கும் இலங்கையரின் வெளிநாட்டு வாழ்க்கைத் துணைக்கும் நிரந்தர வதிவிட விசா வழங்க 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளிக்கிறது. காலத்துக்குக் காலம் புதுப்பிக்கும் வதிவிட விசாவும் இருக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தங்குபவருக்கு அது போதும். நிலையாகக் குடியிருந்து தொழில் செய்ய, காணி வாங்க, வாக்களிக்க விரும்புபவர் இரட்டைப் பிரசாவுரிமையையே நாடுவது நல்லது. வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசைகளுக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகப் பெறுபவருக்கும் விலக்கு உண்டு.

வேலைக்கு வரும் வெளிநாட்டவர்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தகைய திட்டங்களுக்கு வரும் பொறியியலாளரும் தொண்டு நிறுவனப் பணியாளரும் சுற்றுலா விசாவில் வேலை செய்ய முடியாது. வேலை தரும் நிறுவனம் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்திடம் அனுமதி பெற்று, நுழைவு விசா உங்கள் கைக்கு வந்த பிறகே புறப்படுங்கள். அதை வதிவிட விசாவாக மாற்றும் வேலை இங்கே நடக்கும். விசாவைப் புதுப்பிக்க வேண்டிய திகதியை முதல் நாளே குறித்துவையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து திரும்புவோர்

முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பிறப்பைப் பதிந்து, வம்சாவழிப் பிரசாவுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தாய் இலங்கையராக இருந்தாலும் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களே இதற்கு அத்திவாரம். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த ஆவண வேலைகளில் நீண்டகாலமாக உதவிவருகிறது. அவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். இலங்கைக்கு வந்த பிறகும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்காகப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களம்வரை போய்வர வேண்டியிருக்கும்.

அட்டை பெறும் படிகள்

ஒன்று, பிறப்புச் சான்றிதழ். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு இருக்கும். நெடுந்தீவுக்காரர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவை யாழ்ப்பாணத்தில் தேடுங்கள். போர்க்காலத்தில் பதிவு அழிந்து, எங்கு தேடியும் கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

இரண்டு, பெயர். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் வேறு ஒழுங்கில் இருக்கும். இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சத்தியக் கடதாசி ஒன்றை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று, புகைப்படம். ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுபெற்ற ஸ்ரூடியோவில்தான் எடுக்க வேண்டும். யாழ்ப்பாண நகரைக் கடக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட்டால் இன்னொரு படகுப் பயணம் மிச்சம்.

நான்கு, விதானையார். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் இல்லாமல் விண்ணப்பம் நகராது. நெடுந்தீவில் ஜே/1 முதல் ஜே/6 வரை ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். உங்கள் வீடு எந்தப் பிரிவு என்று கேட்டு, குடியிருக்க வந்த கையோடு அவரிடம் பதிந்துகொள்ளுங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாளை அறிந்தே போங்கள்.

ஐந்து, பிரதேச செயலகம். நெடுந்தீவுக்குத் தனிச் செயலகம் உண்டு. நயினாதீவும் புங்குடுதீவும் வேலணைச் செயலகத்தின்கீழ் வருகின்றன. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையின்கீழ். குறிகாட்டுவான் இறங்குதுறையில் இறங்கித் தவறான செயலகத்துக்குப் போனால், கடைசிப் படகைத் தவறவிடவும் நேரும்.

அவசரமென்றால் பத்தரமுல்லை சுகுறுபாயவில் ஒருநாள் சேவை இருக்கிறது. விதானையாரும் பிரதேச செயலகமும் உறுதிப்படுத்திய விண்ணப்பத்தோடு போக வேண்டும். குடிவரவுத் திணைக்களமும் அதே கட்டடத்தில் இருப்பதால், இரட்டைப் பிரசாவுரிமை வேலையையும் அட்டை வேலையையும் ஒரே பயணத்தில் பார்க்கத் திட்டமிடலாம். கடவுச்சீட்டுக்கு மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 செப்டம்பர் 1ஆம் திகதி முதல் யாழ்ப்பாணம் கச்சேரியிலேயே குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இயங்குகிறது.

அட்டை வந்தபின்

புதிய அட்டையின் 12 இலக்க எண் உங்கள் தொழில் வாழ்க்கையின் ஒவ்வொரு பதிவிலும் வரும். வரி இலக்கம், வங்கிக் கணக்கு, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றுக்கும் அதுவே வேண்டும். வேலையில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து நூற்றுக்கு 12 சேர வேண்டும். அந்தப் பதிவில் உங்கள் அட்டை இலக்கம் சரியாக இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். ஒரு இலக்கம் பிழைத்தால், பிற்காலத்தில் உங்கள் பணத்தை எடுக்க நீங்கள்தான் அலைய வேண்டிவரும்.

மூன்று எச்சரிக்கைகள்

கட்டணங்களும் தகுதி விதிகளும் வர்த்தமானி அறிவித்தலால் மாறும். உறவினர் முந்தி எவ்வளவு கட்டினார் என்பதை நம்பாமல் 1919 அரச தகவல் நிலையத்தில் தமிழிலேயே கேளுங்கள். தரகரிடம் மூல ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதியே போதும். வடக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் படிவம் கேட்பதும், தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை.

போரும் இடப்பெயர்வும் ஆட்களை அள்ளிக்கொண்டு போன தீவுகள் இவை. பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் வேண்டும், ஆஸ்பத்திரிகளுக்குத் தாதியர் வேண்டும், பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு ஆட்கள் வேண்டும். வர நினைப்பவர்களே, டிக்கெற் போடுமுன் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். மற்ற எல்லா ஆவணங்களும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.