ரன்னரை கிரீஸுக்குள் நிறுத்துங்கள்

திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்து டென்னிஸ் பால் போட்டிகளில் பெயர் வாங்கிய பையன், மாவட்ட அணித் தேர்வுக்குப் போகும்போது யார்க்கர், மெதுபந்து, சுழல் என்று எல்லாவற்றையும் தேற்றிக்கொண்டு போகிறான். தன் பக்கத்திலேயே நிற்கும் ரன்னரைக் கட்டிப்போடும் வேலையை மட்டும் பழகுவதில்லை. பந்துவீச்சைத் தொழிலாக நினைப்பவருக்கு இது பெரிய ஓட்டை.

கணக்கைப் பாருங்கள். கிரீஸுக்கும் கிரீஸுக்கும் இடையே 17.68 மீட்டர். ரன்னர் இரண்டு மீட்டர் முன்னதாகக் கிளம்பினால் ஓட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு இலவசம். நெருக்கடி ஓவரில் இரண்டாவது ரன் அங்கேதான் பிறக்கிறது.

பேஸ்பாலில் இதற்கென்றே ஒரு கலை இருக்கிறது. ஒரு நல்ல அடி விழுந்தாலே இரண்டாம் பேஸில் நிற்கும் ரன்னர் ஓடி வந்து ரன் எடுத்துவிடுவார். அதனால் இரண்டு ஃபீல்டர்கள் மாறி மாறி அவர் முதுகுக்குப் பின்னால் பேஸை நோக்கிப் பாய்வதுபோல் போக்குக் காட்டுவார்கள். பிட்சர் திரும்பிப் பார்ப்பார். பந்தைப் பிடித்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுவார். திடீரென்று திரும்பி எறிவார். ரன்னரை அவுட்டாக்குவது அபூர்வம்தான். அவர் ஓரடி குறைவாக நகர்ந்தாலே வேலை முடிந்தது.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நேர மாற்றத்தைத்தான். எல்லாப் பந்துக்கும் ஒரே தாளத்தில் ஓடி வந்தால் ரன்னர் கண்ணை மூடிக்கொண்டு கிளம்புவார். முதல் ஓவரிலேயே ஒருமுறை ஓடி வந்து நின்று, அவரைப் பாருங்கள்; பெயில்ஸைத் தொட வேண்டாம். அவுட்டாக்கும் முன் எச்சரித்தாக வேண்டும் என்று விதி இல்லை. ஆனாலும் அந்த ஒரு பார்வை ஆட்டம் முழுக்க வேலை செய்யும். அவர் எவ்வளவு தூரம் நகர்கிறார் என்று சொல்லும் பொறுப்பை மிட்-ஆன் ஃபீல்டரிடம் கொடுங்கள். உங்களுக்கு முதுகில் கண் இல்லை.

பந்தை வீசாமல் பெயில்ஸைத் தட்டி ரன்னரை அவுட்டாக்குவது என்று முடிவெடுத்தால் கை உச்சிக்குப் போகும் முன்னே நின்றாக வேண்டும். 2023 ஜனவரியில் மெல்போர்னில் ஆடம் ஸாம்பா பெயில்ஸைத் தட்டினார். கை செங்குத்தைத் தாண்டிவிட்டதால் ரன்னர் தப்பினார். சுழற்பந்து வீச்சாளர்களுக்கு இது எளிது. வேகமாக ஓடி வருகிறவர்கள் வலையில் ஒரு நண்பனை ரன்னராக நிறுத்தி, போனில் படம் பிடித்துப் பழகுவது நல்லது. முயற்சி தோற்றால் நஷ்டமில்லை: நடுவர் டெட் பால் சொல்வார், அந்தப் பந்து ஓவர் கணக்கில் வராது.

அதைவிடச் சிக்கலான இடம் கேப்டன். 2012 பிப்ரவரியில் பிரிஸ்பேனில் நம் அஸ்வின் இலங்கையின் திரிமன்னேயை இப்படி வீழ்த்தினார். அன்று கேப்டனாக இருந்த சேவாக் அப்பீலைத் திரும்பப் பெற்றார். 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் அதே அஸ்வின் பட்லரை வீழ்த்தியபோது கேப்டன் அவரே, பட்லர் வெளியேறினார். ஆகவே டாஸுக்கு முன்பே உங்கள் கேப்டனிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, ரன்னர் வெளியே நின்றா அடிக்கலாமா?" மைதானத்தில் நின்று பேசித் தீர்க்கிற விஷயமில்லை இது.

திட்டும் விழும். 2022 ஜூன் 23 அன்று திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்தில், தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடக்க ஆட்டத்தில், நெல்லை ராயல் கிங்ஸின் பாபா அபராஜித் சேப்பாக் அணியின் ஜெகதீசனை இப்படி அவுட்டாக்கினார். கோபத்தில் ஜெகதீசன் ஆபாசமாகச் சைகை காட்டினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆட்டம் சமனில் முடிந்து, சூப்பர் ஓவரில் நெல்லை வென்றது. ஒரே ஒரு ரன்னின் விலை இதுதான். என்னைக் கேட்டால் அபராஜித் செய்தது சரி. 2022 அக்டோபர் 1 முதல் விதிப்புத்தகமும் இதை 'முறையற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்துவிட்டது.

ஒன்று மட்டும்: இந்த ரன் அவுட் உங்கள் விக்கெட் கணக்கில் ஏறாது. தேர்வுப் படிவத்தில் அதையும் கூட்டி எழுதிவிடாதீர்கள்.