பேக்கப்பில் வராத ஃபோல்டர்

ஒன்பது வாரம் உட்கார்ந்து எழுதினேன். எல்லாம் ராத்திரி பத்து மணிக்கு மேல், பிள்ளை தூங்கிய பிறகு. கியூப்ஸ் ஓஎஸ்ஸில் என்னுடைய 14 கியூப்களும் 5 டெம்ப்ளேட்களும் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஏறக்குறைய 900 வரி சால்ட் கோப்புகளாக எழுதி முடித்திருந்தேன். ஒருநாள் காலையில் எஸ்எஸ்டி உயிரை விட்டது. பேக்கப் கையில்தான் இருந்தது. அந்த 900 வரி மட்டும் அதில் இல்லை.

கியூப்ஸைத் தொடாதவர்களுக்கு இரண்டு வரி. போலந்தைச் சேர்ந்த ஜோவன்னா ருட்கோவ்ஸ்காவின் குழு 2010இல் அறிவித்த சிஸ்டம் இது. ஸென் ஹைப்பர்வைசரின் மேல், ஒரே கம்ப்யூட்டருக்குள் தனித்தனி மெஷின்கள் ஓடும். அவைதான் கியூப்கள். அவை தங்கள் மென்பொருளை எடுத்துக்கொள்ளும் மூலம் டெம்ப்ளேட். பேங்குக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று, நெட்டே இல்லாத வால்ட் ஒன்று. ஒன்றில் கிருமி புகுந்தாலும் அது அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எல்லாவற்றையும் ஆள்வது டாம்0. அதற்கும் நெட் கிடையாது. அது பறிபோனால் எல்லாமே பறிபோனதுதான்.

கியூப் நாலைந்து இருக்கும்வரை மவுஸை வைத்தே சமாளிக்கலாம். நீங்களும் 16 ஜிபி லேப்டாப்பில் தனியாக வேலை செய்கிறவர்தானே. ஒரு கிளையண்ட்டின் காகிதம் இன்னொருவருடையதோடு கலந்தால் பிழைப்பே போய்விடும் என்ற நிலைதானே? அந்த நாலைந்து எப்படிப் பதினான்காகும் என்று உங்களுக்கே தெரியும். எந்த டெம்ப்ளேட்டில் எந்த பாக்கேஜ், எந்தக் கியூபுக்கு நெட் வேண்டாம், யார் யாரிடம் கோப்பு கேட்கலாம் என்பதையெல்லாம் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான், எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினால் அப்படியே அமைத்துத் தரும் சால்ட் என்ற கருவிக்குப் போனேன்.

இதே வேலையைச் செய்யும் ஆன்சிபிளில் எழுதியிருக்க வேண்டும் என்று ஒரு நண்பர் இன்றுவரை விடவில்லை. அவருக்கான பதில் இது. 2016இல் வந்த 3.1 பதிப்பிலிருந்தே சால்ட் கியூப்ஸோடு வருகிறது. நான் எழுத ஆரம்பித்தபோது டாம்0வில் புதிதாக எதையும் இறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கியூபுக்குள் வேலை செய்ய, சால்ட் தற்காலிகமாக ஒரு டிஸ்போசபிள் கியூபை எழுப்பி அதன் வழியாகப் போகிறது. அழுக்கான கியூப் திருப்பி அனுப்புவதை டாம்0 நேரடியாக வாங்கிப் பிரிப்பதில்லை. ஃப்ரீடம் ஆஃப் தி பிரஸ் ஃபவுண்டேஷன் பத்திரிகையாளர்களுக்காகச் செய்திருக்கும் செக்யூர்டிராப் வொர்க்ஸ்டேஷனும் கியூப்ஸின் மேல் சால்ட்டை வைத்து அமைந்ததுதான். எனக்கு அது போதும்.

அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சால்ட் எழுதப்படும் யாமல் கோப்பில் டேப் கூடாது, ஸ்பேஸ்தான். எந்தக் கியூபுக்கு எது என்று சொல்லும் டாப் கோப்பை எனேபிள் செய்யாவிட்டால், அதில் குறித்தது எதுவும் தானாக ஓடாது. பாக்கேஜை டெம்ப்ளேட்டில்தான் போட வேண்டும். ஆப் கியூபில் போட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் காணாமல் போகும். யூஎஸ்பி கீபோர்டு மட்டும் வைத்திருப்பவர்கள், யூஎஸ்பி சாதனங்களைக் கையாளும் சிஸ்-யூஎஸ்பி கியூபை உருவாக்கும் முன் கீபோர்டுக்கான ஸ்டேட்டைப் பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். எதை ஓட்டுவதற்கு முன்பும் டெஸ்ட்=ட்ரூ போட்டு, என்ன மாறப்போகிறது என்று படியுங்கள்.

இனி என் தவறு. பேக்கப் ஜன்னலில் கியூப்களின் பட்டியலோடு டாம்0வும் இருக்கும். அதற்கு டிக் போட்டேன். என் கோப்புகள் டாம்0வில், எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் யூசர்-சால்ட்டில் இருந்தன. டாம்0வுக்கு டிக் போட்டால் டாம்0 முழுக்க வரும் என்று நம்பினேன். வருவது அதன் ஹோம் ஃபோல்டர் மட்டும்தான். எஸ்ஆர்வி வராது. எந்தக் கியூப் எதைக் கேட்கலாம் என்ற பாலிசி கோப்புகள் இருக்கும் இடிசியும் வராது. எனக்கே சந்தேகம் வந்து, அனுபவமுள்ள ஒருவரிடம் கேட்டேன். "டாம்0வுக்கு டிக் போட்டாச்சில்ல, விடுங்க" என்றார். விட்டேன்.

அதைவிடப் பெரிய அடி வேறு. சால்ட் இருக்கிறதே, டெம்ப்ளேட் எதற்கு, ஓட்டினால் தானாக உருவாகிவிடுமே என்று ஐந்து டெம்ப்ளேட்களின் டிக்கையும் எடுத்திருந்தேன். பேக்கப் சின்னதாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். புது எஸ்எஸ்டியில் ரீஸ்டோர் செய்யும்போது, கியூப்கள் தங்கள் டெம்ப்ளேட்டைக் காணோம் என்று வரிசையாக முறையிட்டன. காணாததை விட்டுவிட்டு மேலே போகச் சொன்னேன். எல்லாம் டீஃபால்ட் டெம்ப்ளேட்டில் போய் ஒட்டிக்கொண்டன. டாம்0வின் பழைய ஹோமைத் திறந்தேன். உள்ளே ஒரு வால்பேப்பர், ஏழெட்டு ஸ்கிரீன்ஷாட், பேனல் செட்டிங்ஸ். அந்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றில் என் டாப் கோப்பின் முதல் இருபது வரி இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து டைப் அடித்துத்தான் மறுபடி ஆரம்பித்தேன்.

இப்போது கோப்புகளின் இருப்பிடம் டாம்0 இல்லை. நெட் இல்லாத 'சுவடி' என்ற கியூபில் எழுதி, அங்கேயே கிட்டில் வைத்திருக்கிறேன். டாம்0விலிருந்து பாஸ்-ஐஓவோடு க்யூவிஎம்-ரன் கொடுத்து, கேட் மூலம் இழுத்துக்கொள்கிறேன். கியூபிலிருந்து டாம்0வுக்கு எதையும் கொண்டுவரக் கூடாது என்று சண்டைக்கு வருவார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நான் கொண்டுவருவது நானே எழுதிய டெக்ஸ்ட். டாம்0வில் ஒருமுறை வரி வரியாகப் படித்த பிறகுதான் ஓட்டுகிறேன். அடுத்தவர் எழுதிய ஃபார்முலாவை அப்படியே டாம்0வில் இறக்கிக்கொள்கிறவர்கள் எனக்கு இதில் பாடம் எடுக்க வேண்டாம். பாலிசி கோப்புகளையும் சால்ட்டே எழுதும்படி மாற்றிவிட்டேன். தனிக் கியூப் வைக்கப் பொறுமை இல்லாதவர்கள், குறைந்தபட்சம் எஸ்ஆர்வியையும் பாலிசி ஃபோல்டரையும் டார் கட்டி, டாம்0வின் ஹோமில் போட்ட பிறகு பேக்கப்பை ஓட்டுங்கள்.

போன மாதம் லேப்டாப்பில் பழைய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, கியூப்ஸைப் புதிதாக நிறுவி, சுவடியை மட்டும் ரீஸ்டோர் செய்து சால்ட்டை ஓட்டினேன். மூன்றே முக்கால் மணி நேரம் ஆனது. பாதிக்கு மேல் டவுன்லோட். இரண்டு இடத்தில் இடித்தது. டெம்ப்ளேட் க்ளோன் ஆகும் முன்பே அதிலிருந்து கியூபை உருவாக்கும் ஸ்டேட் ஓடிவிட்டது. ரிக்வயர் வரி விட்டுப்போயிருந்தது. இரண்டாவது, தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஃபான்ட் பாக்கேஜை முன்பு ஏதோ அவசரத்தில் கையால் போட்டிருக்கிறேன், எங்கும் எழுதி வைக்கவில்லை. இரண்டையும் சுவடியில் சேர்த்தேன். அதற்கு எதிரே டிக் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு பேக்கப்பை ஓட்டினேன்.